ஊரடங்கு காலத்து நாள்கள் எங்கே போயின?

ஒரு வாசகரின் கேள்வி, 2025 மார்ச் 20

இன்றோடு ஐந்து வருடம். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கொரோனா காலத்தைப் பற்றி மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் மூன்று விஷயம்தான் வருகிறது: ஊரடங்கு, அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய், வாட்ஸ்அப்பில் பள்ளிக்கூடம். இரண்டு வருடத்துக்கு மூன்று வசனமா? மீதி நாள்கள் எங்கே போயின? சும்மா "கஷ்டப்பட்டோம்" என்று எழுதாமல், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

மார்ச் 20, இரவு

இங்கே எழுதுகிற மற்றவர்களோடு நானும் பதில் எழுதுகிறேன். நான் தையல்காரன். களுவாஞ்சிகுடிப் பக்கம், வீட்டு முன்விறாந்தைதான் கடை, இரண்டு மெசின். மார்ச் மாதம் எங்களுக்குச் சீசன், சித்திரை வருடப்பிறப்புக்கு உடுப்புத் தைக்கிற நேரம். அந்த வெள்ளிக்கிழமை வெட்டி வைத்த துணி மட்டும் நாற்பது பேருடையது கிடந்தது. பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வந்து கொடுத்தவர்களே பாதிப்பேர். ஊரடங்கு என்றதும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோசம். சனம் வந்து "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்காமல் ஒரு கிழமை இருந்து தைக்கலாமே என்று. தைத்தேன். வெள்ளை நூல் முடிந்தது. முடித்த உடுப்பை எடுக்க ஒருவரும் வரவில்லை, அந்த வருடப்பிறப்புக்குப் படுவான்கரையில் பழைய உடுப்புத்தான்.

பிறகு மூன்று மாதம் கடை பூட்டு. கடன். 5,000 ரூபாய் கிடைத்தது, ஆமாம், அது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லலாம். எங்கள் ஒழுங்கையில் யாரையும் ஒதுக்கி வைக்கவில்லை. கொரோனா வருத்தம் வந்த வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கடப்படியில், வேலி வாசலில், வைத்தோம். வேறு ஊர்களில் நடந்தது போல இங்கே நடக்கவில்லை.

மார்ச் 21

மூன்று மாதம் பூட்டு என்று நேற்று எழுதியது பிழை. அளவுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.

அளவுக் கொப்பி என்றால், வருகிற ஆளின் பெயர், தேதி, தோள், மார்பு, கை நீளம், இடுப்பு எல்லாம் எழுதி வைக்கிற கொப்பி. இருபது வருடமாக ஒன்றையும் எறியவில்லை. அதில் 2020 ஏப்ரல் 23-இல் ஒரு சேட்டுக்கு அளவு எடுத்திருக்கிறேன், அடுத்த நாள் இரண்டு. நமக்கு ஏப்ரல் 20-இலிருந்து பகலில் திறந்துவிட்டார்கள், கொழும்பு, கம்பஹா போன்ற இடங்களுக்குத்தான் நீண்டுகொண்டு போனது. தொலைக்காட்சியில் நாள் முழுக்கக் கொழும்பைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் கொழும்பின் ஊரடங்கையும் என் கணக்கில் சேர்த்துவிட்டேன் போல. என் கடை முழுதாகப் பூட்டியிருந்தது ஒரு மாதம். மீதி இரண்டு மாதம் கடை திறந்திருந்தது, ஆள்தான் வரவில்லை. அது வேறு விதமான கஷ்டம், இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறேன்.

மார்ச் 23

மாஸ்க் தைத்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தைக்காத தையல்காரன் யார். சாரி பிளவுசுக்கு உள்ளே போடுகிற லைனிங் துணிதான், இரண்டு மடிப்பு. துணிக்குப் பஞ்சமில்லை, இலாஸ்டிக்குக்குத்தான். கடைசியில் பழைய பனியனை வெட்டி இழுத்தால் அது தானாகச் சுருண்டு கயிறு மாதிரி வரும், அதைக் கட்டினேன். ஒரு பிறவுண் நிற மாஸ்க்கை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து "இது பிளவுஸ் துணிதானே, என்ர பொஞ்சாதிக்குத் தைச்சதில மிச்சமா?" என்று கேட்டார். மிச்சம்தான். இல்லை என்றேன்.

மார்ச் 30

ஒரு தம்பி எழுதியிருக்கிறார், கொரோனா காலத்தில் காஸ் வரிசையில் விடியச் சாமம் நின்ற கதை. தம்பி, அது 2022. நீங்கள் மட்டும் இல்லை, நானும் அப்படித்தான், பால்மா வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பசளை இல்லாமல் வயல் போனது எல்லாவற்றையும் ஒரே சாக்குக்குள் போட்டு "கொரோனா காலம்" என்று கட்டி வைத்திருக்கிறோம். இரசாயனப் பசளையை நிறுத்தியது 2021-இல். அதற்கும் வைரசுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அதே வயலுக்கு, அதே வீட்டுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால் பிரிக்க முடியவில்லை.

2020-க்கே உரியது மஞ்சள். இறக்குமதியை நிறுத்தியிருந்த நேரம் பார்த்து வருத்தமும் வந்தது. முதல் இரண்டு கிழமை எங்கள் ஒழுங்கையில் எல்லா வாசலிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை கட்டியிருந்தது. மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியதும் வேப்பிலை மட்டும் மிச்சம். மறுகா மஞ்சளுக்குள் மாவைக் கலந்து விற்றார்கள். கறியும் வெள்ளை, வாசலும் வெள்ளை.

ஏப்ரல் 6

"நமக்கு ஊரடங்கு புதிதா என்ன, சண்டைக் காலத்தில் பார்க்காததா" என்று இங்கே பலர். நானும் 2020-இல் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒரு மாதிரிப் பெருமையோடு. இப்போது யோசித்தால் அது சரியாகப் பொருந்தவில்லை. 1990-இல் ஊரடங்கு என்றால் வீட்டுக்கு வெளியே ஆபத்து, உள்ளே சனம் நெருக்கிக்கொண்டு ஒன்றாகப் படுத்தோம். அயல்வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பாயில்தான். 78 சூறாவளிக்கும் சுனாமிக்கும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில், கோயிலில், ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு. பயம் வந்தால் மற்றவன் பக்கத்தில் போவதுதான் நமக்குப் பழக்கம். இந்த முறை மற்றவன்தான் பயம். பழைய அனுபவம் உதவியது என்று சொல்வதை விட, காலை வாரிவிட்டது என்று சொல்லலாம்.

அப்புறம் 2019-ஐ எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு, அதற்குப் பிறகு போட்ட ஊரடங்கு. அந்த ஏப்ரல் 29-இலிருந்து முகத்தை மூடக் கூடாது என்று சட்டம். ஒரு வருடம் முடிய முதலே முகத்தை மூடாமல் வெளியே வரக் கூடாது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் எனக்குத் துணி தருகிறவரின் மனைவி சொன்னாவாம், "போன வருசம் கழட்டச் சொன்ன அதே ஆக்கள்தான் இந்த வருசம் போடச் சொல்லுறாங்க, நான் நடுவுல ஒரு வருசம் கடைக்கே போகல்ல" என்று. அவர் இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கதவை மூடிவிட்டு வீட்டில் இருந்த அந்த ஒரு வருடம் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு வேலை முடிந்தது, இப்போதுதான் இருந்து எழுதுகிறேன்.

மீன் கதை கேட்டிருக்கிறீர்கள். 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று என்றதும் இங்கே மீன் விலைபோகவில்லை. நம் மாவட்டத்து வாழைச்சேனையைப் பூட்டினார்கள். நம் கடலில் பிடித்து லொறியில் பேலியகொடைக்கு ஏற்றி அனுப்புகிற ஊர் இது, அங்கே இருந்து இங்கே மீன் வருவதில்லை, வந்தது லொறியோடு போய்த் திரும்பிய ஆள்கள். ஆனாலும் சனம் மீனைத்தான் விட்டது. முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார், பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து என் மகள் அதற்குப் பிறகு சமைத்த மீனும் தின்னவில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஒரு மீன்காரத் தம்பி வருவார். ஒக்டோபர் கடைசியில் அவர் ஹோண் அடித்தால் ஜன்னல்தான் மூடும். நாலு நாள் வந்தார், ஐந்தாம் நாள் தேங்காய் கொண்டுவந்தார். அதே பெட்டியில். தேங்காயும் மீன் மணந்தது.

ஏப்ரல் 22

காத்தான்குடிக்காரரைப் பற்றி முன்னால் பாதிதான் எழுதினேன்.

2021 ஜனவரியில் காத்தான்குடியைத் தனிமைப்படுத்தியிருந்தபோது எனக்குத் துணி வரவில்லை, பள்ளிக்கூட வெள்ளைத் துணி. நான் போன் எடுத்து என் துணியைக் கேட்டேன். அவர் வேறு ஒன்று சொன்னார். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் சட்டம் வந்ததிலிருந்து ஜனாஸா, அதாவது சவ அடக்கம், என்ற சொல்லே அவர்கள் வீட்டில் கதைக்கிற விதம் மாறிவிட்டது என்றார். வயதான ஆள்கள் இருமல் வந்தால் சொல்லாமல் இருக்கிறார்களாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எரித்துவிடுவார்கள் என்று. வருத்தத்துக்குப் பயமில்லை, சாவுக்கும் பயமில்லை, அதற்குப் பிறகு நடப்பதற்குப் பயம். கொழும்பில் பொரளை மயான வேலியில், எரிப்பதை எதிர்த்து, சனம் வெள்ளைத் துணி கட்டியதை டிசம்பரில் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். அவர் கடையில் விற்கிறதும் அதே துணிதான், சவத்தைச் சுற்றுகிற கபனுக்கும் அதுதான், நான் பிள்ளைகளுக்குச் சேட்டுத் தைக்கிறதும் ஏறக்குறைய அதுதான். நான் அன்றைக்கு "அது சரி, என்ர துணி எப்ப வரும்" என்று கேட்டேன். அப்படியே கேட்டேன், வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

2021 பெப்ரவரி கடைசியில் அடக்கம் செய்ய அனுமதித்து, மார்ச் 5-இல் நம் மாவட்டத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடந்தது. நாட்டில் எங்கே இறந்தாலும் அங்கேதான் கொண்டுவந்தார்கள், 3,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் சிலர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அவரிடம் துணி எடுக்கப் போயிருந்தேன். கேட்டீங்களா என்றேன். "கேட்டன்" என்றார். அளந்து வெட்டிக்கொண்டே இருந்தார்.

மே 3

என் மருமகன், தங்கச்சியின் மகன், இப்போது மட்டக்களப்பு டவுனில் வேலை, நான் இங்கே எழுதுவதை வாசித்துவிட்டுப் போன் எடுத்தான். "மாமா, சாமான் கடப்படியில வைச்ச கதை எழுதியிருக்கீங்க. அது மூணாம் நாளைக்குப் பிறகுதானே."

இல்லை என்றேன். அவன் 2021-இல் எங்கள் வீட்டில்தான் இருந்தான், ஏ.எல். படித்துக்கொண்டு, சிக்னலுக்காக மொட்டைமாடியில் குந்திக்கொண்டு. அவனுக்கு எல்லாம் மேலிருந்து தெரியும்.

சரி. எழுதுகிறேன். 2021 ஓகஸ்ட், நாட்டை மறுபடி பூட்டிய கிழமை. ஒழுங்கையில் எங்களுக்கு எதிர்ப்பக்கம் மூன்றாவது வீடு. அந்த அக்கா ஓகஸ்ட் 19-இல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தா, சாமத்தியச் சடங்குக்கு மேற்சட்டை தைக்க. ஆள் கூட்டாமல் வீட்டோடு செய்கிறதுதான், என்றாலும் பிள்ளைக்கு உடுப்பு வேண்டுமே. கொப்பியில் அளவு இருக்கிறது, என் கையெழுத்து, 28 இஞ்சி மார்பு. 22-ஆம் தேதி அவவின் கணவருக்கு அன்டிஜன் பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து வேலியில் நோட்டீஸ் ஒட்டினார். நான் அந்தத் துணியை ஷொப்பிங் பேக்கில் போட்டுப் பின்பக்கச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், அளவு நாடாவையும் கழுவினேன், அது நிறம் போய்விட்டது. இதெல்லாம் பயம், இதற்கு நான் வெட்கப்படவில்லை.

வெட்கப்பட வேண்டியது அடுத்தது. வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுவருகிற கடைக்காரப் பொடியன் அன்றைக்குப் பின்னேரம் வந்தான். அவனிடம் நான்தான் சொன்னேன், "அந்த வீட்டுக்குப் போகாத, போனா இஞ்ச வராத" என்று. அவன் பிறகு அந்த வீட்டு ஓடரை எடுக்கவே இல்லை. இரண்டு நாள் அந்த வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. நான்கு பேர், அதில் ஒரு கிழவி. மூன்றாம் நாள் கிராம சேவகர் ஏசியதற்குப் பிறகுதான் ஒழுங்கை ஆள்கள் காசு சேர்த்துச் சாமான் வாங்கிக் கடப்படியில் வைத்தோம். வைத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 20-இல் இங்கே எழுதும்போது நான் பொய் எழுதவில்லை. அப்படித்தான் நினைவிருந்தது. அந்தப் படம்தான் நினைவில் நின்றது, அதற்கு முந்திய இரண்டு நாளுக்குப் படம் இல்லை.

மே 4

மருமகன் இன்னொன்றும் சொன்னான், நேற்று எழுத மறந்தேன், அல்லது மறக்க விரும்பினேன். அந்த இரண்டு நாளும் அந்த வீட்டுக் கடப்பில் ஒரு பை தொங்கியதாம். மீன்காரத் தம்பி. காலையில் ஹோண் அடிக்காமல் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், மீனும் இரண்டு றாத்தல் பாணும்.

மே 19

"பயத்தில் எல்லாரும் செய்ததுதான், உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்" என்று மூன்று பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாரும் செய்யவில்லையே, மேலே ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவருக்குப் பயம் இல்லையா? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

தடுப்பூசி பற்றிக் கேட்டவருக்கு: இரண்டும் சினோபாம், கை ஒரு நாள் நோவு, கார்டை லெமினேட் பண்ணி வைத்திருக்கிறேன், இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 12

கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு முடிந்து வந்தேன். 2021 வைகாசியில் நாடு பூட்டியிருந்தது, கண்ணகி அம்மன் கோயில்களுக்குச் சனம் போகவில்லை. வருத்தம் போக வேண்டும் என்று பாடுகிற சடங்கை வருத்தம் வந்தபோது ஊர் கூடிச் செய்ய முடியவில்லை. இதைப் பற்றி நீளமாக எழுத ஒரு யோசனை வைத்திருந்தேன். முந்திய காலத்தில் பொக்குளிப்பான், அதாவது அம்மை, வந்தால் "அம்மாள் வந்திரிக்கா" என்பார்கள், வாசலில் வேப்பிலை, யாரும் உள்ளே போக மாட்டார்கள், ஆனால் அந்த வீட்டுக்கு மரியாதை. நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்கு மரியாதை இல்லை. நம்மிடம் ஒதுக்கி வைக்கவும் கும்பிடவும் ஒரே சொல் இருந்தது, அதைத் தொலைத்துவிட்டோம் என்று.

வரும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். அவவுக்கு 84. கேட்டுக்கொண்டு வந்தா, கடைசியில் "உனக்கு ஆர் சொன்ன மரியாதை" என்றா. அவவுக்குச் சின்ன வயதில் அம்மாள் வருத்தம் வந்தபோது எங்கள் வளவுக் கிணற்றில் ஒருவரும் தண்ணீர் அள்ளவில்லையாம், வருத்தம் மாறி ஒரு மாதத்துக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளையைத் தாய் வந்து வேறு வாங்கில் இருத்தினாவாம். "அம்மாள் எண்டு சொன்னா ஏச ஏலாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த யோசனை போயிற்று. ஆனால் முழுக்கவும் போகவில்லை. ஏச முடியாமல் இருப்பதும் ஒரு பெரிய விஷயம்தானே.

ஜூன் 15

அளவுக் கொப்பியில் இன்னொன்று. 2020 ஜனவரிக்குப் பள்ளிச் சீருடை 11 பக்கம். 2021 ஜனவரிக்கு 3 பக்கம். போரதீவுப் பக்கத்துப் பொடியன் ஒருவன், 2020 ஜனவரியில் நீலக் கட்டைக் களிசான், நீளம் 17 இஞ்சி. அடுத்த தரம் அவன் பெயர் வருவது 2022 ஏப்ரலில், வெள்ளை லோங்ஸ், நீளம் 38. இடையில் அந்தப் பொடியன் எவ்வளவு உயரம் இருந்தான் என்று யாரிடமும் கணக்கு இல்லை. கேள்வி கேட்டவருக்கு என்னால் சொல்லக் கூடிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன், 17-க்கும் 38-க்கும் நடுவில்.

ஜூன் 21

அந்த அக்காவிடம் போனேன். மருமகன் மூன்று முறை போன் எடுத்துத் துளைத்தான். கதை எல்லாம் சொன்னேன், கடைக்காரப் பொடியனிடம் நான்தான் சொன்னது உட்பட. அவவுக்கு அது முன்னமே தெரியும், பொடியனே பிறகு சொல்லிவிட்டானாம். நாலு வருடமாகத் தெரிந்துகொண்டே நல்லநாள் பெருநாளுக்கு என் வீட்டுக்குப் பலகாரம் அனுப்பியிருக்கிறா.

அவ சொன்னது வேறு. "அத விடுங்க. ரெண்டாம் நாள் ராவு அவருக்கு மூச்சு இழுத்தது. நான் உங்களுக்குத்தான் முதல் கோல் எடுத்தன் தம்பி, உங்கட வீட்டுலதான் ஆட்டோ நிண்டது. நீங்க எடுக்கல்ல."

எனக்கு அந்த அழைப்பு நினைவில் இல்லை. நித்திரையா, பார்த்துவிட்டு விட்டேனா, தெரியாது. கொப்பியில் இதெல்லாம் இருக்காது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய், பத்து நாளில் அவர் திரும்பி வந்தார், எல்லாருக்கும் தெரியும். நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோதும் அவர் உள்ளே இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

என்ன சொல்வது என்று தெரியாமல் எழும்பினேன். அவ உள்ளே போய்ப் பை ஒன்றைக் கொண்டுவந்தா. மகள் ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏதோ வகுப்புக்குப் போகிறாளாம், இரண்டு சட்டை இறுக்கம். "வந்ததுதான் வந்தீங்க, இதக் கொஞ்சம் விட்டுத் தாங்க. திங்கக்கிழமைக்கு வேணும்."

பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். யாரோ டவுனில் தைத்தது, உள்ளே துணியே விடவில்லை. கைக்குக் கீழே பட்டி வைத்துத்தான் தைக்க வேண்டும், அதே நிறத்தில் துணி காத்தான்குடியில் கிடைக்குமா என்று பார்க்கிறேன்.